இரண்டாம் நம்பர் கொக்கு

பிலோமினா அக்கா வீடியோக் கடைக்குள் வந்தபோது நான் பாதி றாக்கைக் கழற்றி முடித்திருந்தேன். பின்னேரம். வெளியில் பனி சேறாகிக் கிடந்தது. அக்கா வாசலில் நின்று சப்பாத்தை இரண்டு தரம் தட்டினார். கழற்றிப் போட்ட கடைக்கு அந்த மரியாதை தேவையில்லை. ஆனால் அக்கா அப்படித்தான்.

"கடையைப் பூட்டப் போறியளாமே?"

"ஓம் அக்கா. வாற கிழமையோட சரி."

"அப்ப எனக்குக் கெதியா ஒண்டு செய்து தா தம்பி. ஜேர்மனியில பெரியண்ணையின்ர வீடியோ ரேப்பை டெக் திண்டுபோட்டுதாம். இன்னொரு கொப்பி வேணும்."

கைப்பையைத் திறந்து ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தை எடுத்தார். ஓரத்தில் பின்னல் வேலை செய்த துணி. பிரிக்காமலே உள்ளே என்ன என்று எனக்குத் தெரியும். அக்காவின் அப்பாவுடைய செத்தவீட்டு வீடியோ. ஊரிலிருந்து வந்த மூலப் பிரதி.

"பறவை வாற இடம் வடிவா விழவேணும்," என்றார். "அண்ணை அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டவர்."

இந்த இடத்தில் நான் நேராகக் கதையைச் சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது வராது. இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என் புத்தி தெரியும். பக்கத்து வீட்டுக்குப் போகவே தெருவைச் சுற்றிப் போகிற ஆள். போன கிழமை ஒரு வாசகர் தொலைபேசி எடுத்து, "ஐசே, நீர் விசயத்துக்கு வர எத்தனை பக்கம் வேணும்?" என்று கேட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இன்றைக்கும் சுற்றிப் போகிறேன். பொறுத்துக்கொள்ளட்டும்.

நிலத்தடிக் கடை

கனடாவில் நாங்கள் இருந்த சென் ஜேம்ஸ் ரவுணில் அந்த உயரமான கட்டடங்களுக்குள் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் அப்போது இருந்தன என்று எனக்குத் தெரியாது. எலிவேற்றருக்குள் ஏறினால் ஒரு மாடியில் மீன்பொரியல் மணக்கும், அடுத்த மாடியில் சாம்பிராணி மணக்கும். எங்கள் கடை அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு கட்டடத்தின் நிலத்துக்குக் கீழே இருந்தது. ஒன்பது படி இறங்கவேண்டும். ஜன்னலால் பார்த்தால் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். பனிக்காலத்தில் அதுவும் தெரியாது.

முதலாளி யோகண்ணை. ஊரில் றேடியோ திருத்தியவர். வாய் ஓயாது. நான் காலையில் ஐந்து நிமிடம் பிந்தினால், "வாங்கோ மாப்பிள்ளை, பெண் வீட்டார் எல்லாரும் வந்திட்டினம்," என்பார். கோபம் வந்தாலும் கெட்ட வார்த்தை பேசமாட்டார். "உன்னைப் பெத்த வயித்தில பிரண்டையைக் கட்ட," என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

முன்பக்கம் படங்கள் வாடகைக்கு. பின்பக்கம் ஒரு திரைச்சீலை. அதற்குப் பின்னால் ஏழு டெக்குகள் அடுக்கியிருக்கும், பார்ப்பதற்கு ஒரேயொரு ரி.வி. அந்த அறையில் நான் ஏழெட்டு வருடம் இருந்தேன். ரேப் சூடாகும்போது வரும் மணம் இப்போதும் சிலவேளை எங்கிருந்தோ வரும்.

பின்பக்கத்தில் எங்கள் பெரிய வேலை கொப்பி அடிப்பது. ஊரில் பிடித்த வீடியோ இங்கத்தைய டெக்கில் ஓடாது. அங்கே ஒரு முறை, இங்கே வேறொரு முறை. போட்டால் படம் நிறமில்லாமல் மேலும் கீழும் உருண்டுகொண்டிருக்கும். அதை மாற்றித் தருகிற மெசின் அந்தச் சுற்றுவட்டாரத்தில் யோகண்ணையிடம்தான் இருந்தது. அதனால் எல்லாருடைய கலியாணவீடும், பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்ததற்குச் செய்யும் சாமத்தியவீடும், செத்தவீடும் என் கையால்தான் கனடாவுக்குள் வந்தன.

முக்கியமாகச் செத்தவீடுகள். அகதி வழக்கு முடியாதவர்கள் ஊருக்குப் போகமுடியாது. போனால் திரும்பி வரமுடியாது. தாய் செத்தாலும் தகப்பன் செத்தாலும் இங்கே ரி.வி.க்கு முன்னால் இருந்துதான் அழவேண்டும். அழுவதற்கும் ரேப் வரவேண்டும். அதற்கு இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகும். எத்தனை பேர் என்னிடம் வந்து, "தம்பி, இன்னும் முடியேல்லையோ?" என்று கேட்டுக்கொண்டு படியில் நின்றார்கள். அப்போது எனக்கு அது தொந்தரவாக இருந்தது. வெட்கம்தான், ஆனால் அப்படித்தான் இருந்தது.

கொக்குக் கம்பனி

புது ரேப்பில் கொப்பி அடித்துக் கொடுத்தால் கட்டாது என்று யோகண்ணை ஒரு வழி கண்டுபிடித்தார். வடக்கே எங்கேயோ பூட்டப்பட்ட ஒரு வாடகைக் கடையிலிருந்து பழைய ரேப்புகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்தார். எல்லாம் சிறுவர் கார்ட்டூன். அதிலும் முக்கால்வாசி ஒரே ஜப்பான் கம்பனியின் கார்ட்டூன், ஆங்கிலத்தில் குரல் கொடுத்தவை. அட்டையெல்லாம் போய்விட்டது. வெறும் கறுத்த ரேப்புகள்.

அந்தக் கம்பனியின் பெயர் எனக்கு வாசிக்கத் தெரியாது. எனக்கு அது கொக்குக் கம்பனி. ஒவ்வொரு கதைக்கு முன்னாலும் பின்னாலும் அதன் சின்னம் வரும். வெள்ளைக் கொக்கு.

ஆனால் எல்லாக் கொக்கும் ஒன்றல்ல. பார்த்துப் பார்த்து நான் அந்தக் கொக்குக்குப் பேர்பெற்ற சரித்திராசிரியன் ஆகிவிட்டேன்.

மிகப் பழைய ரேப்புகளில் கொக்கு அசையாது. வெள்ளைக் கடதாசியில் தூரிகையால் இழுத்த நாலைந்து கறுத்தக் கோடு. சத்தம் ஒன்றும் இல்லை. படச்சுருளின் நடுக்கத்தில் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். இது ஒன்றாம் நம்பர்.

பிறகு கம்பனிக்குக் கொஞ்சம் வசதி வந்திருக்கவேண்டும். கருநீல வானம். மேலேயிருந்து ஒரு கதிர் விழும். அந்த வெளிச்சத்துக்குள் வெள்ளைப் பறவையொன்று செட்டையை விரித்து மெல்ல மெல்ல இறங்கும். கடைசியில் நீண்ட காலிரண்டையும் நீட்டித் தண்ணீரில் நின்று செட்டையை மடிக்கும். அப்போதுதான் அது கொக்கு என்று தெரியும். ஒரு மணி அடிக்கும். இது இரண்டாம் நம்பர். சரியாகச் சொன்னால் எட்டு நொடி. எனக்குப் பிடித்ததும் இதுதான்.

மூன்றாம் நம்பரில் பின்னேர வானம், எக்காளம், கொக்கு எங்கள் மூக்கில் வந்து மோதுவதுபோலப் பறந்து வரும். நாலாவது கம்ப்யூட்டரில் செய்தது. வெள்ளி எழுத்துகள் சுழலும். கொக்கு ஒரு எழுத்தின் மேலே வளைந்த கோடாகப் போய்விட்டது. அதைப் பார்த்த அன்று எனக்கு உண்மையாகவே மனவருத்தம். யோகண்ணை சிரித்தார். "கொக்குக்கும் சிட்டிசன் கிடைச்சிட்டுது, இனி ஆளைப் பிடிக்கேலாது," என்றார்.

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. வேலைக்குத் தேவைப்பட்டது. ரேப்பின் வயதை அறிய எங்களுக்கு வேறு வழியில்லை. ஒன்றாம் கொக்கு என்றால் தேய்ந்த ரேப், படக் கொப்பிக்குத்தான் ஆகும். இரண்டு என்றால் பரவாயில்லை. மூன்று, நாலு என்றால் புதிது, கலியாணவீட்டுக்கு. நான் ரேப்பின் முதுகில் சோக்கால் நம்பர் போடுவேன். முன்னாலிருந்து யோகண்ணை கத்துவார்: "சாமத்தியவீட்டு ஆக்கள் வந்திருக்கினம். மூண்டாம் கொக்கு ஒண்டு எடு!" வந்திருந்தவர்கள் முழிப்பார்கள்.

இதில் ஒரு தொல்லை. நாங்கள் அடித்த வீடியோ முடிந்ததும் அடியில் கிடந்த பழைய கார்ட்டூன் தலைகாட்டும். ஒருமுறை ஒரு அன்ரி ரேப்பைக் கொண்டுவந்து மேசையில் அடித்தார். "என்ர பெட்டை ஆலாத்தி முடிஞ்சு குனிஞ்சு கும்பிடுறாள், அடுத்த நிமிசம் இரும்பு மனுசர் ரெண்டு பேர் அடிபடுகினம். சபையில எனக்கு மானம் போச்சு!" அதன்பிறகு ஒவ்வொன்றின் கடைசியிலும் கொஞ்ச நேரம் கறுப்பு அடித்துவிடும்படி, அதாவது வெறும் கறுப்புத் திரையைப் பதிந்துவிடும்படி, யோகண்ணை சொன்னார். கறுப்பு அடிப்பதில் நான் கெட்டிக்காரன் ஆனேன். அந்தக் கெட்டித்தனம் எதற்கு உதவியது என்று இனிச் சொல்கிறேன்.

ஒன்று மறந்துபோனேன். வாடகை ரேப்பில் யாரும் அழித்துப் பதியாமலிருக்க முன்விளிம்பில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் துண்டை உடைத்துவிட்டிருப்பார்கள். அந்தத் துளைக்கு மேல் ஸ்கொச் ரேப்பை ஒட்டினால் மறுபடி பதியலாம். காலையில் வந்ததும் இருபது ரேப்பை அடுக்கி வைத்து ஒட்டு ஒட்டென்று ஒட்டுவதுதான் என் முதல் வேலை. கண்ணால் பார்க்கவே தேவையில்லை. விரலுக்குப் பழகிவிட்டது.

முகம்

பிலோமினா அக்கா மன்னார்ப் பக்கம். கத்தோலிக்கர். பிற்பகலில் கட்டடங்கள் துப்புரவாக்குகிற வேலை. புருசன் வேறு எங்கேயோ போய்விட்டார், அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. ஷாமினி என்று ஒரு மகள், பத்து வயது இருக்கும். அக்கா ஊரைவிட்டு வந்து எட்டு வருடம். வழக்கு முடியவில்லை.

அப்பா செத்த செய்தி வந்து மூன்று மாதத்துக்குப் பிறகு, கொழும்பால் வந்த யாரோ ஒருவரின் பெட்டிக்குள் அந்த ரேப் வந்தது. அக்கா அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார்.

"தம்பி, இது ஒண்டுதான் கிடக்கு. ஃபொட்டோ றோலை ஆமிச் சோதனையில பிடிச்சு இழுத்து வெளிச்சம் காட்டிப் பழுதாக்கிப்போட்டாங்களாம். கவனமாச் செய்யப்பு."

"பயப்பிடாதேங்கோ அக்கா."

"பெட்டி மூட முதல் எல்லாரும் முகம் பாத்தவையாம். அதை வடிவா எடுத்ததெண்டு வீடியோக்காரன் சொன்னவனாம். தங்கச்சி எழுதினவள். வெளியில இருக்கிற நாங்கள்தான் இன்னும் முகம் பாக்கேல்ல."

எங்கள் ஆட்களுக்கு முகம் பார்ப்பது என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. பகையாளிகூட முகம் பார்க்க வருவான். முகம் பார்க்காத சாவு மனசில் முடியாது.

நாளைக்குப் பின்னேரம் வாருங்கள் என்றேன்.

ஒன்பது நிமிடம்

அடுத்த நாள் மத்தியானம். வழக்கப்படி முதலில் அக்காவின் ரேப்பைப் போட்டுப் பார்த்தேன். ஊர் ரேப்பில் எப்போதும் படத்தின் அடியில் வெள்ளைக் கோடுகள் ஓடும். அந்தக் கோடு போகும்வரைக்கும் ஒரு குமிழைத் திருகவேண்டும். திருகினேன். கோடு போனது. படம் நன்றாக இருந்தது. ரேப்பைத் திருப்பிச் சுற்றி வெளியே எடுத்தேன், டெக்கின் தலையை ஒருமுறை துடைப்பதற்காக. எடுத்ததைப் பக்கத்தில் இருந்த அடுக்கின் மேல் வைத்தேன்.

அந்த அடுக்கு, ஸ்கொச் ரேப் ஒட்டவேண்டிய அடுக்கு.

தலையைத் துடைத்தேன். முன்னால் யோகண்ணை யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். கதையைக் கேட்டபடி நான் அடுக்கில் இருந்தவற்றை ஒட்டினேன். அக்காவின் ரேப்பிலும் அந்தத் துண்டு உடைக்கப்பட்டிருந்தது. ஊரில் பற்றரிக்கே தட்டுப்பாடான காலத்தில், ஒரு வீடியோக்காரர், இது அழியக்கூடாது என்று நினைத்துத் தன் கையால் உடைத்துவிட்ட துளை. நான் அதை மூடி ஒட்டினேன்.

பிறகு இரண்டு கறுத்த ரேப்பை எடுத்து ஒன்றை ஓடுகிற டெக்கிலும் ஒன்றைப் பதிகிற டெக்கிலும் போட்டேன். மாறிப் போட்டேன்.

ரி.வி.யை வேறொரு படக் கொப்பியில் விட்டிருந்தேன். இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, செத்தவீடு எப்படிப் போகிறது என்று ரி.வி.யை மாற்றினேன். கருநீல வானம். கதிர். அதற்குள் வெள்ளைப் பறவை இறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நம்பர்.

ஒரு கணம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு இரண்டு கையாலும் பொத்தானை அமத்தினேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பது நிமிடம் போயிருந்தது.

அக்காவின் ரேப்பை ஓட்டிப் பார்த்தேன். ஒன்பது நிமிடம் கார்ட்டூன். முடிவில் கொக்கு பாதி இறங்குகிறது. அது கால் நீட்டுவதற்கு முன் வெட்டுப்பட்டு, சடாரென்று ஊர்வலம் தொடங்குகிறது. மூடிய பெட்டி. பின்பக்கமாகத் தெரியும் ஆட்கள். குடை. சுவாமியார். முகம் முழுக்க அந்த ஒன்பது நிமிடத்துக்குள்தான் இருந்தது.

ஐயோ, என்ன செய்தேன் என்று அந்த இடத்திலேயே யோகண்ணையைக் கூப்பிட்டிருக்கலாம். அக்கா வந்ததும் காலில் விழுந்திருக்கலாம். நான் செய்தது வேறு. எனக்குக் கறுப்பு அடிக்கத் தெரியும். கார்ட்டூன் கிடந்த இடமெல்லாம் கறுப்பு அடித்தேன். முடிவு நெருங்கியபோது, ஒரு நொடி பிந்தினாலும் ஊர்வலமும் அழிந்துவிடும் என்ற பயத்தில் முன்னதாகவே நிறுத்திவிட்டேன். அதனால் அந்தப் பறவை மட்டும் மிஞ்சியது. நாலு நொடி. இறங்குகிற பறவை, கால் இல்லாமல்.

ஸ்கொச் ரேப்பை உரித்து எறிந்தேன். அந்த ரேப்பை அப்படியே கொப்பி அடித்தேன்.

அக்கா வந்தார். நான் முகத்தைப் பாராமல் சொன்னேன்: "அக்கா, ஊர் ரேப்பில முதல் கொஞ்ச நேரம் ஒண்டும் விழேல்ல. கறுப்பாத்தான் கிடக்கு."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு எனக்காக அவரே நியாயமும் கண்டுபிடித்தார். "கமரா சூடேறியிருக்காது. பாவம், அங்க என்ன வசதி," என்றார்.

புதுமை

நாலு நாள் கழித்து மறுபடி வந்தார். உண்மை தெரிந்துதான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அக்காவின் முகம் அழுதழுது ஒருமாதிரித் தெளிந்திருந்தது.

"தம்பி, அந்தப் பறவையைக் கவனிச்சனியோ? வீடியோக்காரன் முகத்தை விட்டுட்டான். ஆனா பரிசுத்த ஆவியைப் புறாவா எவ்வளவு வடிவாப் போட்டிருக்கிறான்."

இதை வேறு யாராவது கேட்டால் சிரிப்பார்கள். எங்கள் ஆட்கள் சிரிக்கமாட்டார்கள். எங்கள் வீடியோக்களில் அப்போது என்னதான் பறக்கவில்லை? மாப்பிள்ளையின் தலைக்கு மேல் ரோசாப்பூ பறக்கும், பொம்பிளையின் முகம் குத்துவிளக்குச் சுவாலைக்குள் தெரியும், சோடிப் புறா முத்தமிடும். செத்தவீட்டு வீடியோவில் ஒரு வெள்ளைப் பறவை வானத்திலிருந்து இறங்கினால் அதை யார் சந்தேகிப்பார்கள்? நானே அப்படி எத்தனை புறாவை இறக்கியிருக்கிறேன்.

"ஓம் அக்கா, வடிவுதான்," என்றேன்.

அக்கா ஊருக்கு எழுதினார். மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. அதைக் கடைக்குக் கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டினார். வீடியோக்காரர் பெயர் சூசை. முகம் வடிவாக எடுத்தேன், பறவை ஒன்றும் நான் போடவில்லை என்று மாதா மேல் சத்தியம் பண்ணினாராம். ஊரில் அவரைப் பொய்யன் என்கிறார்களாம். இரண்டு கலியாணவீட்டுக்காரர் அவரை வேண்டாமென்றும் சொல்லிவிட்டார்களாம்.

வாசித்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். நான் ஒரு ரேப்பை எடுத்துத் தூசு துடைத்தேன். அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. மனுசன் என்ற பெயரே எனக்குக் கூடாது.

ஜேர்மனியிலிருந்த பெரியண்ணை அதற்கு முடிவு கட்டினார். சூசை பொய்யனில்லை, அது புதுமை என்றார். கத்தோலிக்கர் அற்புதத்தைப் புதுமை என்பார்கள். அப்பாவின் முகத்தை மறைத்து ஆவியானவர் தன்னைக் காட்டியிருக்கிறார். அதன்பிறகு பிரான்சுக்கு ஒன்று, லண்டனுக்கு ஒன்று, ஜேர்மனிக்கு ஒன்று என்று அந்தப் புதுமையை நானே கொப்பி அடித்து அனுப்பிவைத்தேன்.

ஷாமினி

ஒரு சனிக்கிழமை அக்கா மகளோடு வந்திருந்தார். கடையின் முன்பக்க ரி.வி.யில் பிள்ளைகளுக்காக ஒரு கார்ட்டூன் போட்டிருந்தோம். எக்காளம் ஊதியது. பின்னேர வானத்தில் மூன்றாம் நம்பர் கொக்கு பறந்து வந்தது.

"அம்மா! லுக்! அம்மப்பாவின்ர பேர்ட்!"

என் கையிலிருந்த ரேப் விழுந்தது. அக்கா ரி.வி.யை நிமிர்ந்து பார்த்தார்.

"உது கொக்கு," என்றார். "அது புறா. விசர்க்கதை கதையாத."

"நோ அம்மா, இது நியூ ஒண்டு. தே சேஞ்ச்ட் இட். ஓல்ட் ஒண்டு நீலமா இருக்கும், இப்பிடி மேலயிருந்து கம்ஸ் டவுன்..." பிள்ளை கையை விரித்து மெல்ல இறக்கிக் காட்டினாள்.

"போதும். வா," என்று அக்கா அவளை இழுத்துக்கொண்டு படியேறினார். ஜன்னலால் அவர்களின் கால்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பனி சின்னத்தை மாற்றியபடியால் நான் தப்பினேன் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சந்தோசமாக இருந்தது. யோகண்ணைக்கு ரீ வாங்கிக் கொடுத்தேன்.

கறுப்பு

இனி அந்தக் கழற்றிப்போட்ட கடைக்கு வருகிறேன். அக்கா அப்போது மில்லிக்கன் பக்கம் வீடெடுத்துப் போயிருந்தார். இரண்டு பஸ்சும் சப்வேயும் ஏறி வந்திருந்தார். இரண்டு டெக்கும் ரி.வி.யும்தான் இன்னும் பிடுங்காமல் இருந்தன. யோகண்ணை பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்.

மூல ரேப்பைப் போடும்போது என் கை நின்றது.

"அக்கா, அந்தப் பறவை..."

பிறகு நிறுத்தமுடியவில்லை. அடுக்கு, ஸ்கொச் ரேப், மாறிப் போட்டது, பாணும் சம்பலும், கறுப்பு அடித்தது, சூசை, எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா பழைய பெட்டியொன்றின் மேல் இருந்து கேட்டார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"தெரியும்," என்றார்.

"எப்ப?"

"அண்டைக்கே. கடையால வீட்ட போய் ஷாமினி தன்ர கார்ட்டூன் ரேப் ஒண்டைப் போட்டுக் காட்டினவள். அதே வானம், அதே பறவை. இறங்கிக் காலை நீட்டிக்கொண்டு தண்ணியில நிண்டுது."

"ஏன் அக்கா என்னட்டைக் கேக்கேல்ல?"

"நீ சொல்லுவாய் எண்டு இருந்தன்."

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நாலு வருடம். அக்கா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"சூசைக்கு அந்தக் கிழமையே எழுதிப்போட்டன். மன்னிப்புக் கேட்டு. ஊரில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டச் சொன்னனான். பெரியண்ணைக்குச் சொல்லேல்ல. அவர் உந்தப் பறவையைப் பாத்துத்தான் குடியை விட்டவர். அவருக்கு அது கொக்காகக் கூடாது. நீ கொப்பியை அடி."

ரேப்பைப் போட்டேன். பதிகிற டெக் எது, ஓடுகிற டெக் எது என்று மூன்று தரம் பார்த்தேன். அக்கா பெட்டியை இழுத்து ரி.வி.க்கு முன்னால் போட்டு இருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். திரை கறுப்பாக ஓடத் தொடங்கியது.

கறுப்பைப் பார்த்துக்கொண்டு ஒன்பது நிமிடம் இருப்பது எவ்வளவு நேரம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஹீற்றர் மட்டும் இரைந்தது.

"இதுக்குள்ளதானே கிடந்தவர்?" என்றார் அக்கா.

"ஓம் அக்கா."

"நீ பாத்தனியெல்லே?"

எனக்கு விளங்கவில்லை.

"முதல்ல போட்டுப் பாப்பம் எண்டு சொல்லுவியள்தானே, சரியா ஓடுதோ எண்டு. நீ பாத்திருப்பாய். வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் ஆரும் பாக்கேல்ல. நீ ஒருத்தன்தான் அப்பான்ர முகத்தைக் கண்டிருக்கிறாய்." அவர் கண்ணைத் திரையை விட்டு எடுக்கவில்லை. "எப்பிடி இருந்தவர்?"

வாய் தானாகத் திறந்தது. "நித்திரை கொள்ளுற மாதிரி..."

அக்கா கையைத் தூக்கினார்.

"பொய் சொல்லாத தம்பி. நீ சொன்னா நான் நம்பிப்போடுவன்."

முகத்தை நினைவுக்குக் கொண்டுவர எவ்வளவோ முயன்று பார்த்தேன். அந்த மத்தியானம், அந்த ரி.வி., அந்தக் குமிழ் எல்லாம் அப்படியே நினைவிருந்தது. திரையின் அடியில் வெள்ளைக் கோடு துடித்துக்கொண்டு ஓடியதும் நினைவிருந்தது. அதற்கு மேலே ஒரு மனுசர் பெட்டிக்குள் கிடந்திருக்கிறார். வெள்ளை உடுப்பாக இருந்திருக்கும், கையில் செபமாலை இருந்திருக்கும். எதுவும் வரவில்லை.

"நான் கோட்டைத்தான் பாத்தனான் அக்கா. அடியில ஓடுற கோட்டை. முகத்தைப் பாக்கேல்ல."

அக்கா தலையை ஆட்டினார்.

கறுப்பு முடிந்து நீல வானம் வந்தது. கதிர் விழுந்தது. பறவை இறங்கத் தொடங்கியது. அக்கா வலது கைக் கையுறையைக் கழற்றினார். நெற்றியிலும் நெஞ்சிலும் இரண்டு தோளிலும் தொட்டுச் சிலுவை போட்டார். பிறகு கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு மிச்ச ஊர்வலத்தைப் பார்த்தார்.